ஒற்றைச் சிறகுக் கிளிக்கு எப்படிக் கூண்டு அமைப்பது?

‘‘திருவொற்றியூரில் குடியிருக்கிறோம். சொந்த ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஒன்றரை மாதத்துக்கு முன், மாஞ்சா நூலில் சிக்கி மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த பச்சைக்கிளியை என் மகன் மீட்டு வந்தான். கால்நடை மருத்துவர் ஒரு சிறகின் நுனிப் பகுதியை எடுத்துவிட்டார். இடது கால் விரல்களும் மடங்கவில்லை. கடையில் வாங்கிய கூண்டில் விட்டால், குச்சியில் இருந்து விழுந்துகொண்டே இருக்கிறது. கூண்டை எப்படி மாற்றி அமைப்பது? கிளி வைத்திருப்பதே குற்றம் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். அது உண்மையா?’’

வாசகி, திருவொற்றியூர்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்வதுதான் முறை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது உண்மை.

நம் ஊரில் பச்சைக்கிளி என்று சொல்லப்படும் செந்தார்ப் பைங்கிளி, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட பறவை. 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையில் இது 2-ம் பட்டியலில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. காலங்காலமாக வீட்டுத் திண்ணையில் கிளி வளர்த்த வழக்கமோ, கிளி ஜோசியமோ இதற்கு விலக்கு ஆகாது.

அடிபட்ட பறவையைக் காப்பாற்றியது குற்றமா என்ற கேள்வி அடுத்து வரும். உயிரைக் காப்பாற்றியது நல்ல காரியம். அதே சட்டத்தின் 39-வது பிரிவின்படி, காட்டுயிர் அரசின் சொத்து. அது எந்த வழியில் கைக்கு வந்தாலும், 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, வனத்துறை அலுவலரிடமோ தகவல் சொல்ல வேண்டும். கேட்டால் ஒப்படைக்க வேண்டும். இந்தக் குடும்பம் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டது. அதற்காகப் பயந்து இன்னும் மறைத்து வைத்தால் சிக்கல்தான் கூடும். மருத்துவர் கொடுத்த சீட்டு, மருந்து வாங்கிய ரசீது, கிளி கிடைத்த இடமும் நாளும் எழுதிய ஒரு தாள் ஆகியவற்றுடன், தாமதிக்காமல் கிண்டியில் உள்ள வனத்துறையின் வன உயிரின அலுவலகத்துக்குத் தகவல் கொடுப்பதே சரியான வழி. கிளி வளர்ப்பவர்கள் தாங்களாகவே முன்வந்து ஒப்படைக்க வேண்டும் என்று தமிழகத்தின் சில மாவட்டங்களில் வனத்துறையே வேண்டுகோள் விடுத்தது உண்டு.

‘பறக்க முடியாததுதானே, வெளியில் விட்டுவிடலாம்’ என்று மட்டும் நினைக்கக் கூடாது. ஒற்றைச் சிறகோடு மரத்தடியில் விடப்படும் கிளி, அன்று மாலைக்குள் காகத்துக்கோ பூனைக்கோ இரையாகிவிடும்.

அப்படியானால் கூண்டைப் பற்றி ஏன் பேச வேண்டும்? ஒப்படைக்கும் நாள் வரை அந்தக் கிளி விழாமல் இருக்க வேண்டும். அதோடு, லவ் பேர்ட்ஸ், காக்டீல், பட்ஜி போன்ற வெளிநாட்டுக் கூண்டுப் பறவைகளை வளர்ப்பவர்கள் பலர். அவற்றுக்கும் கால் ஒடிவது, சிறகு ஒடிவது நடக்கிறது. கீழே சொல்லப்படும் முறைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கிளி ஏன் விழுகிறது?

கிளியின் காலில் இரண்டு விரல் முன்னாலும் இரண்டு விரல் பின்னாலும் இருக்கும். இடுக்கி போலக் குச்சியைக் கவ்விப் பிடிப்பதற்கான அமைப்பு அது. ஒரு கால் பிடி இழந்தால், உடல் எடை முழுவதும் மறு காலில் இறங்கும். ஒரு பக்கச் சிறகும் இல்லையென்றால், சாயும்போது விரித்துச் சமாளிக்க வழி இல்லை. ஆகவே நேராகத் தரைக்கு வரும். கடையில் விற்கும் கூண்டுகள் உயரமாகவும் குறுகலாகவும் இருக்கும். நல்ல கிளிக்கே அது போதாது. ஊனமான கிளிக்கு அந்த உயரம்தான் எதிரி. மார்பு எலும்பில் அடிபட்டு, தோல் கிழிந்து புண்ணாகும்.

ஆனால், கிளிக்கு ஒரு வசதி உண்டு. அது ஏறும்போது அலகை மூன்றாவது கால் போலப் பயன்படுத்தும். கூண்டை மாற்றும்போது இந்தத் திறமையை நம்பித்தான் வேலை செய்ய வேண்டும்.

உயரம் வேண்டாம், நீளம் வேண்டும்

கூண்டு சுமார் 3 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் போதும். ஏற்கெனவே உயரமான கூண்டு இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பாதி உயரத்தில் பலகை வைத்துத் தளம் அமைத்து, மேல் பாதியை மட்டும் பயன்படுத்தலாம். பறவை மனிதர்களின் கண்மட்டத்துக்கு அருகில் இருந்தால் பயம் குறையும்.

பக்கங்களுக்கு அரை அங்குலச் சதுர வலை நல்லது. நெட்டுக் கம்பிகள் மட்டும் இருந்தால் அலகாலும் காலாலும் பிடித்து ஏற முடியாமல் சறுக்கும். குறுக்குக் கம்பி இருந்தால் அதுவே படிக்கட்டு.

ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பகுதிகளில் கடற்காற்று இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். சாதாரண ஜி.ஐ. வலையில் வெள்ளைப் பூச்சு உதிரும். அது துத்தநாகம். கிளி அதைக் கொறித்தால் விஷமாகும். முடிந்தால் எவர்சில்வர் வலை வாங்கலாம். ஜி.ஐ. வலைதான் கிடைக்கிறது என்றால், வினிகர் தொட்ட பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகு பயன்படுத்த வேண்டும். பூச்சு உதிரத் தொடங்கியதும் மாற்றிவிட வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பெயின்ட் அடித்த கம்பிகள் வேண்டவே வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். மீன்பிடி வலையில் கட்டும் ஈயக் குண்டையும் கிளிக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. சிறு துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் வலிப்பு வந்து இறக்கும்.

குச்சிக்குப் பதில் பலகை

பிடி இல்லாத காலுக்கு உருண்டைக் குச்சியால் பயன் இல்லை. நாலு அங்குல அகலத்தில் தட்டைப் பலகை வைக்க வேண்டும். மேலே பழைய பனியன் துணியை இழுத்துச் சுற்றி, அடிப்பக்கம் முடிச்சுப் போடலாம். டர்க்கி டவல் கூடாது. அதில் உள்ள நூல் வளையங்களில் நகம் மாட்டிக்கொண்டால், கிளி துடித்து இருக்கிற காலையும் ஒடித்துக்கொள்ளும். பிரி பிரியாக வரும் சணல் கயிறும் அதே காரணத்தால் ஆகாது.

நல்ல காலுக்காக இரண்டு குச்சிகளும் வேண்டும். கொய்யாக் கிளையோ வேப்பங் கிளையோ, மருந்து தெளிக்காத மரத்தில் இருந்து பட்டையோடு வெட்டி, கழுவிக் காயவைத்துப் பொருத்தலாம். ஒன்று கட்டை விரல் பருமன், மற்றொன்று அதைவிடச் சற்றுக் கூடுதல் பருமன் என இருந்தால், பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது. அரளி, எருக்கு போன்ற விஷச் செடிகளின் கிளைகளைத் தொடக் கூடாது.

பலகை தரையில் இருந்து நாலு அங்குல உயரத்தில் முதலில் வைக்க வேண்டும். ஒரு வாரம் விழாமல் இருந்தால், அடுத்ததை எட்டு அங்குலத்தில் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். ஒரு பலகையில் இருந்து இன்னொன்றுக்குச் சாய்வான ஏணி வைக்க வேண்டும். படிகள் ஒன்றரை அங்குல இடைவெளிக்குள் இருக்கட்டும். செங்குத்தாக வைத்தால் ஏறாது. படுத்த சாய்வாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

பலகையை ஏதாவது ஒரு மூலையில் வைப்பது முக்கியம். எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் வலை வந்தால், தூங்கும்போது அதில் ஒட்டிக்கொள்ளும்.

அடித்தளத்தில் வெறும் கம்பி வலை இருக்கக் கூடாது. பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் செய்தித்தாள் போட்டால் விழும்போது அடிபடாது. தாளைத் தினமும் மாற்ற வேண்டும். எச்சத்தின் நிறத்தையும் அதில் கவனிக்கலாம்.

தண்ணீரும் தீனியும்

நல்ல கிளி ஒற்றைக் காலில் நின்று, மறு காலால் பழத்தைத் தூக்கிப் பிடித்துத் தின்னும். இந்தக் கிளியால் அது முடியாது. ஆகவே பழத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி வைக்க வேண்டும். அல்லது வலையில் செருகி வைத்தால், நின்ற இடத்தில் இருந்தே கொத்தும்.

தீனிக் கிண்ணம் இரண்டாவது இருக்க வேண்டும். பலகையில் ஒன்று, தரையில் ஒன்று. கனமான பீங்கான் கிண்ணம் கவிழாது. தண்ணீர் ஓர் அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம். தடுக்கி விழுந்தால் எழ முடியாமல் மூழ்கிவிடும்.

சூரியகாந்தி விதையை மட்டும் கொட்டுவது பலரும் செய்யும் தவறு. அதில் கொழுப்பு அதிகம். வைட்டமின் ‘ஏ’ குறைவு. பறக்காத கிளி சீக்கிரம் கொழுத்துவிடும். கொழுத்தால், இருக்கிற ஒரு காலும் தாங்காது. முளைகட்டிய பாசிப்பயறு, முருங்கைக் கீரை, பால் பிடித்த மக்காச்சோளம், கேரட், கொய்யா, பச்சை மிளகாய் ஆகியவை கொடுக்கலாம். கம்பும் தினையும் விதைத் தீனியாகச் சேரட்டும். உப்பு, டீ, காபி, சாக்லேட், அவகேடோ கூடவே கூடாது.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு சிறந்தது. நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேட்டாலும் கிடைக்கும். காசிமேட்டில் இருந்து பச்சையாக வாங்கினால், தினமும் தண்ணீரை மாற்றி, உப்புப் போக நாலைந்து நாள் ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கூண்டில் கட்டலாம். அலகைத் தேய்த்துக்கொள்ளவும் உதவும்.

கூண்டு வைக்கும் இடம்

இங்குதான் வட சென்னையில் கூடுதல் கவனம் தேவை. பறவைகளின் நுரையீரல், காற்றுப் பைகளோடு சேர்ந்து இயங்குகிறது. ஒவ்வொரு மூச்சிலும் அது உறிஞ்சிக்கொள்ளும் அளவு அதிகம். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டறிய, 1986 வரை கேனரிப் பறவையைக் கூண்டில் வைத்து உள்ளே கொண்டுபோனது இதனால்தான். மனிதருக்கு உறைக்கும் முன் பறவை மயங்கி விழும்.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயில் இருந்து அமோனியா கசிந்தபோது, மக்களே மூச்சுத்திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவியபோது, எண்ணூர் முகத்துவாரத்தில் கூழைக்கடாக்கள் உடலெல்லாம் கறுத்து நின்றன. பறவை தாங்கும் அளவு எவ்வளவு குறைவு என்பதை இந்தப் பகுதி மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, கன்டெய்னர் லாரி போகும் சாலையைப் பார்த்த திண்ணையில் கூண்டைத் தொங்கவிடக் கூடாது. வீட்டின் பின்பக்க அறை நல்லது. சமையலறை ஆகாது. நான்-ஸ்டிக் பாத்திரம் காய்ந்து சூடானால் வரும் புகை, சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுவத்தி ஆகியவையும் அந்த அறையில் கூடாது. கொசுவுக்குக் கூண்டைச் சுற்றி வலைத்துணி கட்டலாம். காலையில் அரை மணி நேரம் இளம் வெயில், பாதிக் கூண்டு நிழலில் இருக்கும்படி கிடைத்தால் போதும். இரவில் மூன்று பக்கம் மெல்லிய துணியால் மூடி, 10 மணி நேரமாவது தூங்கவிட வேண்டும்.

வீட்டில் கோழி இருந்தால் கூண்டைத் தள்ளியே வைக்க வேண்டும். வெள்ளைக் கழிச்சல் நோய்க் கிருமி, கிளி, கோழி இரண்டையும் தாக்கும். கிளியின் காய்ந்த எச்சத் தூசி மூலம் மனிதருக்கும் கிளிக் காய்ச்சல் வரலாம். எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்காமல், தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுத் துடைக்க வேண்டும். குழந்தைகள் கிளியைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வாரம் ஒரு சோதனை

நல்ல காலின் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தோல் சொரசொரப்பாக இருந்தால் நல்லது. வழுவழுப்பாகி, சிவந்து மினுங்கினால் பாதப் புண் தொடங்குகிறது என்று பொருள். ஒற்றைக் கால் பறவைகளை முடமாக்கிக் கொல்வது பெரும்பாலும் இந்தப் புண்தான். உடனே மென்மையான பலகைக்கு மாற்றி, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். பச்சைக்கிளி சுமார் 100 முதல் 140 கிராம் வரை இருக்கும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் நோய் இருக்கிறது என்று கொள்ளலாம். பறவைகள் நோயைக் கடைசி வரை மறைக்கும். வட சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. 1903-ல் தொடங்கப்பட்ட பழைய கல்லூரி அது.

கூண்டும் கூடவே போகட்டும்

வாசகியின் மகனுக்கு இந்தப் பிரிவு கஷ்டமாகத்தான் இருக்கும். மாஞ்சா நூலை அவிழ்த்தவன் அவன். ஆனால், இந்தக் கிளி கூட்டமாக வாழும் இனம். 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியது. பறக்க முடியாத மற்ற கிளிகளோடு ஓர் இடத்தில் இருப்பது, தனியாக ஒரு வீட்டில் இருப்பதைவிட அதற்கு நல்லது.

ஒப்படைக்கும்போது மாற்றி அமைத்த கூண்டையும் சேர்த்தே கொடுக்க முன்வரலாம். ஒரு தாளில், எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தப் பலகையில் தூங்குகிறது, எந்தத் தீனியை முதலில் எடுக்கிறது, கடைசியாகப் பார்த்த எடை என்ன என்பதை மகனையே எழுதச் சொல்லலாம். புதிய இடத்தில் பார்த்துக்கொள்பவருக்கு அந்தத் தாள் பெரிய உதவி. முதல் வாரத்தில் கிளி தீனி எடுக்குமா, எடுக்காதா என்பதே அதைப் பொறுத்துத்தான் அமையும்.

மாஞ்சாவில் சிக்கினால்…

நைலான் மாஞ்சாவை 2017 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது. ஆனாலும் காற்றாடிக் காலத்தில் வட சென்னை மரங்களில் நூல் தொங்குவது நிற்கவில்லை. பறவை சிக்கியிருந்தால் நூலைப் பிடித்து இழுக்கக் கூடாது. இன்னும் ஆழமாக அறுக்கும். துணியால் பறவையைப் போர்த்திப் பிடித்து, இரு பக்கமும் கத்தரியால் நூலை வெட்ட வேண்டும். சதைக்குள் புதைந்த நூலை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ரத்தம் வந்தால் சுத்தமான பஞ்சால் அழுத்திப் பிடிக்கலாம். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டாக, கதகதப்பாக வைத்துக் கொண்டுபோக வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். எண்ணெய், களிம்பு எதுவும் தடவக் கூடாது.

‘‘மீஞ்சூர் பக்கம் கொய்யாவும் கொஞ்சம் மக்காச்சோளமும் போட்டிருக்கிறேன். கிளிகள் பாதியைத் தின்றுவிடுகின்றன. நைலான் வலை கட்டினால் கிளிகள் சிக்கிச் சாகின்றன. வேறு வழி உண்டா?’’

வாசகர், மீஞ்சூர்.

தொளதொளவென்று தொங்கும் மெல்லிய நைலான் வலைதான் பறவைகளைச் சிக்கவைக்கிறது. அதில் சிக்கிச் சாகும் கிளிக்கும் சட்டப்படி தோட்டக்காரரே பதில் சொல்ல வேண்டி வரலாம். வலைதான் வேண்டும் என்றால், சிறு கண்ணுள்ள, கண்ணுக்குத் தெரியும் தடித்த வலையைச் சட்டம் அடித்து விறைப்பாகக் கட்ட வேண்டும். காலையும் மாலையும் ஒரு நடை சுற்றிப் பார்ப்பது அவசியம்.

கொய்யாவில் காய் எலுமிச்சை அளவு வந்ததும் காகிதப் பையோ துணிப் பையோ கட்டிவிட்டால் கிளியோடு பழ ஈயும் தடுக்கப்படும். மக்காச்சோளத்தில் வரப்போர வரிசைகளில்தான் சேதம் அதிகம். பால் பிடிக்கும் நேரத்தில், ஓரத்து வரிசைக் கதிர்களை மட்டும் அந்தச் செடியின் இலையாலேயே சுற்றி மறைத்தால் கிளிக்குக் கதிர் கண்ணில் படாது. பளபளக்கும் நாடாவை, பயிருக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் முறுக்கிக் கட்டினால் காற்றில் ஒளியும் ஒலியும் எழுப்பி விரட்டும். எந்த ஒரு முறைக்கும் கிளி சில நாள்களில் பழகிவிடும். ஆகவே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கதிர் பால் பிடிப்பது முதல் முற்றுவது வரையிலான அந்தச் சில வாரங்களைத் தாண்டிவிட்டால் போதும்.

வலையில் ஏற்கெனவே ஒரு கிளி சிக்கிக் கால் ஒடிந்து கிடந்தால், மேலே சொன்ன அட்டைப் பெட்டியும் 48 மணி நேரக் கெடுவும் இங்கும் பொருந்தும்.